நாலாவது ஸ்க்ரூ

இறுகிப்போன ஸ்க்ரூவைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது, கோபம்தான் வரும். எண்ணெய் விடுவேன், சூடு காட்டுவேன், தலையில் இரண்டு தட்டு தட்டுவேன், வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறபோது ஒரு ஸ்க்ரூ நகராமலா போகும்? என் பெயர் கிளாரன்ஸ். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். கழற்ற முடியாத ஸ்க்ரூ என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. கழற்றிய பிறகு தானாகவே மறுபடி இறுகிக்கொள்ளும் ஸ்க்ரூவைத்தான் போன மாதம் பார்த்தேன். அல்லது அதை நான் கழற்றவே இல்லை. இரண்டில் எது உண்மை என்று தெரியாமல் அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஷாப்பில் கார் கதவுக்குள் போகும் சின்னச் சின்னத் தகடுகளை வெட்டுகிறோம். பவர் பிரஸ் மேலிருந்து டங்கென்று இறங்கும், தகடு வெட்டுப்பட்டு விழும். கை உள்ளே போனால் கைக்கும் அதே கதிதான். அதனால் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. மூன்றாம் பிரஸ்ஸில் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டு, கை குறுக்கே வந்தாலே மெஷினை நிறுத்திவிடும் லைட் சென்சார் மாட்ட வேண்டும் என்று கஸ்டமர் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் ஆடிட்டுக்கு வருவார்கள். அதற்குள் மாட்டாவிட்டால் அந்த பிரஸ்ஸுக்குப் பூட்டுத்தான்.

திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் ப்ரஹ்லாத் இதைச் சொன்னார். மாண்டியாக்காரர், பேசும் தமிழில் பாதி கன்னடம். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் அவசரத்தில் என் தாத்தா.

"கிளாரன்ஸ், நாலே நாலு ஸ்க்ரூ. கழட்டு, சென்சாரை மாட்டு, ஆய்த்து. ஆனா மெஷினை நிறுத்தக்கூடாது. ஆர்டர் ஓடிட்டு இருக்கு. ஊட்டா டைம்ல, டீ டைம்ல பண்ணிக்குங்க."

"சாப்பாட்டு நேரத்துல ஸ்க்ரூவையா சார் திங்கறது?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று மத்தியானம் பிரஸ் ஓட்டும் பெண்கள் எல்லோரும் கேன்டீனுக்குப் போனதும், ஸ்க்ரூ திருகும் அலென் கீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று ஸ்க்ரூக்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. நாலாவது, கீழே வலது மூலையில் இருப்பது, உடும்புப் பிடி. எத்தனை காலமாக யார் எவ்வளவு பலத்தில் இறுக்கினார்களோ! துரு எடுக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட்டு, மற்ற மூன்றையும் பழையபடி மாட்டிவிட்டு எழுந்தேன். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாளைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. கீயில் ஒரு பைப்பைச் சொருகி, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தியபோது 'கிரீச்' என்று ஒரு சத்தம். கால் சுற்று திரும்பியது. அந்தச் சத்தம் இருக்கிறதே, ஃபிட்டரின் காதுக்கு அதைவிட இனிமையானது வேறில்லை. அதற்குமேல் போகவில்லை. நானும் அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் ஸ்க்ரூவின் தலை முறிந்துவிடும், உடம்பு உள்ளேயே தங்கிவிடும். புது சென்சாரும் அதே ஓட்டையில்தான் உட்கார வேண்டும். அதனால் திறந்த இடுக்கில் மறுபடி எண்ணெய் அடித்து, ஊறட்டும் என்று விட்டேன். மற்ற மூன்று ஸ்க்ரூவும் பிடித்திருக்கும்போது ஒன்று கால் சுற்று தளர்ந்தால் தடுப்பு எங்கும் ஓடிவிடாது.

சாயந்திரம் கேன்டீனில் டீ குடித்தேன். மர்பி டவுன் பேக்கரியில் காலையில் வாங்கி வந்திருந்த தில்பசந்தில் பாதியைத் தின்றேன். மீதிப் பாதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யசோதாவுக்குக் கொடுத்தேன். மூன்றாம் பிரஸ்ஸை ஓட்டுவது அவள்தான். தேங்காய்ப் பூரணம் அவள் யூனிஃபார்மில் சிந்தியது, அதை அவள் தட்டிவிட்டுச் சிரித்தாள். டீ நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ஓடிப்போய் கீயைச் சொருகினேன்.

ஸ்க்ரூ இம்மிகூட அசையவில்லை. கால் சுற்று திறந்திருந்த இடுக்கையும் காணோம். தலை தகட்டோடு தகடாக ஒட்டி உட்கார்ந்திருந்தது. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது.

எங்கள் ஷாப்பில் ஒரு கட்டளை உண்டு. ஸ்க்ரூவையும் நட்டையும் மெயின்டெனன்ஸ் ஆட்களைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. மெயின்டெனன்ஸ் என்றால் நானும் முனிகிருஷ்ணனும்தான். சிவாஜிநகரிலிருந்து வருகிறவன். வாயைத் திறந்தால் கிண்டல். அவன் வேலையாகத்தான் இருக்கும் என்று நேராக அவனிடம் போனேன்.

"டேய், மூணாம் பிரஸ் ஸ்க்ரூவை நீ டைட் பண்ணியா?"

"நான் ஏன் மச்சா டைட் பண்ணப் போறேன்? எனக்கென்ன வேற வேல இல்லியா?"

"மத்தியானம் லூஸ் பண்ணேன்டா. இப்ப டைட்டா இருக்கு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஸ்க்ரூ கெட்டியாத்தான் இருக்கு குரு. உனக்குத்தான் மறை கழண்டுபோச்சு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த ஷாப்பில் தினமும் பத்துப் பேருக்காவது மறை கழன்றதாகச் சொல்வான் அவன். ஆனால் மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன்னாலேயே நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அலெக்சாண்டருக்குக் கடைசிக் காலத்தில் புத்தி மாறிப்போனது. முதலில் பெயர்கள் போயின. அப்புறம் வழி போனது. ஒருநாள் அல்சூர் மார்க்கெட்டில் ஒரு கிலோ மத்தி மீனைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த வீட்டுக்கு என்று மீன்காரியிடமே கேட்டிருக்கிறார். அவள் கூட்டிவந்து விட்டாள். முடிவில் என்னையே "சார், நீங்க யாரு?" என்று கேட்டார். அப்போது அவருக்கு இப்போது எனக்கிருக்கிற வயதைவிட அதிகம் ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் எனக்கும் அங்கங்கே இடறுகிறது. மெஜஸ்டிக்கில் இறங்கி மெட்ரோ மாற வேண்டியவன், ஒருநாள் விஜயநகர் வரை போய்விட்டேன். கண்ணாடியைத் தேடித் தேடி, கடைசியில் அரிசி டப்பாவிலிருந்து எடுத்தோம். இதெல்லாம் யாருக்கும் நடக்கும். ஆனால் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு பூசையில், விசுவாசப் பிரமாணத்தை நடுவில் மறந்து நின்றேன். பால்மணம் மாறாத வயதிலிருந்து சொல்லிவருகிற ஜெபம் அது. என் வாய் நின்றுவிட்டதைப் பக்கத்தில் நின்ற என் மனைவி மௌரீன் கவனித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். முப்பது வருஷமாக என்னைக் கிண்டல் செய்தே வாழ்ந்தவள் கிண்டலை நிறுத்தினால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடும்போது ஸ்க்ரூ கதையை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஏங்க, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்ங்க," என்றாள். "மூள டாக்டர்னா பைத்தியக்கார டாக்டர் இல்ல. சும்மா கேள்வி கேப்பாங்க, அவ்ளோதான்."

"எனக்கு ஒன்னும் இல்ல."

"அப்ப அந்த ஸ்க்ரூ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ஸ்க்ரூல ஏதோ இருக்கு. அத நான் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சிட்டா டாக்டர் பேச்சை நீ எடுக்கக்கூடாது. தப்பு எம்மேலதான்னா, நானே உங்கூட வர்றேன். சத்தியமா வர்றேன்."

"மாதா மேல?"

"மாதா மேல."

அவள் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். ஒரு துண்டு இரும்பை நம்பி என் தலையைப் பந்தயம் வைத்துவிட்டேன் என்று படுத்த பிறகுதான் உறைத்தது.

புதன்கிழமை ஒரு யோசனை வந்தது. ஷாப்பில் ஸ்க்ரூவை இறுக்கி முடித்ததும், தலையிலிருந்து தகடு வரைக்கும் மஞ்சள் மார்க்கரால் ஒரே கோடாகப் போடுவது எங்கள் வழக்கம். கோடு நேராக இருந்தால் ஸ்க்ரூ சரி. கோடு உடைந்து பாதி இங்கேயும் பாதி அங்கேயும் இருந்தால் ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆபரேட்டர்கள்கூடத் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் பிரஸ்ஸின் பழைய கோடு எண்ணெயில் எப்போதோ அழிந்துபோயிருந்தது. அதனால் மத்தியானம் முதலில் ஒரு மஞ்சள் கோடு போட்டேன். அப்புறம் கீயைச் சொருகி அழுத்தினேன். கிரீச். கால் சுற்று. கோடு உடைந்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். உடைந்துதான் இருந்தது. உள்ளே ஃபோன் கொண்டுவர அனுமதி இல்லை, கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஃபோட்டோ எடுத்து மௌரீனுக்கு அனுப்பியிருப்பேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

டீ நேரத்தில் வந்து பார்த்தேன். கோடு நேராக இருந்தது.

கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்கூட யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. நான் போட்ட கோடு, போட்டபடியே. அப்படியென்றால் நான் கோடு போட்டேன், அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. கிரீச் என்ற சத்தம்? அது எங்கிருந்து வந்தது? உள்ளங்கையில் பைப் அழுத்திய சிவப்புத் தழும்பு இருந்தது. அது இன்றைய தழும்பா, நேற்றையதா?

யசோதாவிடம் கேட்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டேன். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு கேட்டேன். பிரஸ் ஷாப்பில் ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று பேசுவது சமுத்திரத்தைப் பார்த்துப் பேசுவது போல. எல்லோர் காதிலும் அடைப்பான் இருக்கும். யார் எது சொன்னாலும் தலையாட்டிக் கட்டைவிரலைக் காட்டுவதுதான் இங்கே பாஷை. "இந்த ஸ்க்ரூவை யாராவது தொட்டாங்களாம்மா?" என்று கத்தினேன். அவள் ஸ்க்ரூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறாள் போலிருக்கிறது. நானும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வந்தேன். மெஷினை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கிளாரன்ஸ் அண்ணாவுக்கு மறதி என்று இன்னொருத்திக்கும் தெரிந்துபோகும்.

அன்று சாயந்திரம் மெட்ரோவில் ஒவ்வொரு ஸ்டேஷனையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். மெஜஸ்டிக்கை விட்டுவிடக் கூடாதென்ற பதற்றத்தில் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, சம்பிகே ரோட்டில் இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் மௌரீன் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததே போதுமென்று இருந்திருக்கும். "குளிச்சிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வியாழக்கிழமை காலையில் ப்ரஹ்லாத் என் பெஞ்சுக்கே வந்துவிட்டார்.

"ஏன் கிளாரன்ஸ், இன்னும் ஆகில்வா? நாளெ ஆடிட். ஒரு ஸ்க்ரூக்கு ஒரு வாரமா?"

"இன்னிக்கு ஆயிடும் சார்."

"ஆகலேன்னா வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடட்டுமா?"

"இன்னிக்கு ஆயிடும்னு சொன்னேனே!" என்று கத்திவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையிலும் மௌரீனின் பார்வை கொஞ்சம் இருந்தது போல எனக்குப் பட்டது.

மத்தியானம் எல்லோரும் போனதும் மறுபடி கோட்டைப் பார்த்தேன், கீயைச் சொருகினேன், அழுத்தினேன். கிரீச். கால் சுற்று. கோடு உடைந்தது. ஆனால் இந்தத் தடவை நான் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. எதிரே கழிவுத் தகடு கொட்டும் பெரிய இரும்புத் தொட்டி இருந்தது. அதன் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தேன். சாப்பாட்டு டப்பா பெஞ்சிலேயே இருந்தது. ஒரு ஸ்க்ரூவைத் திருடன் மாதிரி ஒளிந்திருந்து வேவு பார்க்கிறேன். அது தானாகத் திரும்புவதை இந்தக் கண்ணால் பார்த்துவிட்டால், நானே நேராக டாக்டரிடம் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. யசோதா. மற்றவர்களுக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு வந்திருந்தாள். ஈரக் கையை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டாள். பிரஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது எல்லோரும் செய்வதுதான். அப்புறம் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஓர் அலென் கீ. கூடவே கை நீளத்துக்கு ஒரு பைப். மற்ற மூன்று ஸ்க்ரூவிலும் வெறும் கீயை வைத்து அசைத்துப் பார்த்தாள். நாலாவதன் முன்னால் குனிந்து உடைந்த கோட்டைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். பைப்பைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு, கோடு நேராகும் வரை இறுக்கினாள்.

நான் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தேன்.

"நீயா?"

அவள் அலறிக்கொண்டு பைப்பைக் கீழே போட்டாள். "ஐயோ அண்ணா! உசுரே போச்சு!"

"நீயாம்மா? நீதானா? தினமும் நீதானா?"

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் தலையில் ஒன்றும் இல்லை. நான் கழற்றினேன், அவள் இறுக்கினாள். இவ்வளவுதான் விஷயம். அவளோ பேயைப் பார்த்தது போல என்னைப் பார்த்தாள்.

"தப்பா அண்ணா? ஆபரேட்டர் தொடக்கூடாதுன்னு தெரியும். சூப்பர்வைசர் கிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு இத டைட் பண்ணாம மெஷின ஓட்ட வராது." அவள் இடது கையை உருவி விரித்துக் காட்டினாள். மோதிர விரலில் நகம் இருக்க வேண்டிய நுனி இல்லை. இத்தனை நாள் பார்த்தும் நான் ஏனென்று கேட்டதில்லை. "முன்ன இருந்த கம்பெனில இதே மாதிரிதான் ஒரு கீழ் மூலை ஸ்க்ரூ. இன்னிக்கு லூசா இருந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்னாங்க. தடுப்பு சாஞ்சிடுச்சு, கை உள்ள போயிடுச்சு. அதிலேருந்து சாப்பிட்டு வந்ததும் நாலையும் டைட் பண்ணிட்டுத்தான் சுவிட்ச போடுவேன். இந்த மெஷினுக்கு வந்த நாளிலேருந்து."

அந்த ஸ்க்ரூ ஏன் உடும்புப் பிடியாக இருந்தது என்பதும் புரிந்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் வெறும் கீ, இந்த மூலைக்கு மட்டும் இத்தனை காலமாகத் தினம் தினம் பைப் என்றால் யாருக்குத்தான் கழன்று வரும்? நான் போட்ட கோடு அவளுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. இந்தக் கோடு வரை இறுக்கு என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

"சரி சரி, பயப்படாத. யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? மூணு நாளா பைத்தியமா அலையறேன்."

"சொன்னேனே அண்ணா."

"எங்க சொன்ன? நேத்து மெஷின்கிட்டயா? நான் கத்தினது உனக்குக் கேக்கல, நீ சொன்னது எனக்குக் கேக்கல."

"நேத்து இல்ல. செவ்வாக்கெழம, டீ டைம்ல. 'அண்ணா, கீழ் ஸ்க்ரூ லூசா இருந்திச்சு, நான் டைட் பண்ணிட்டேன், தினம் பண்றதுதான்'னு சொன்னேன். நீங்க 'நல்ல காரியம் பண்ண, விட்டுடாத'ன்னீங்க. அதனாலதான் தைரியமா பண்ணேன். இல்லாட்டி நீங்க கை வெச்ச ஸ்க்ரூவ மறுபடி தொடுவேனா?"

நான் அவள் கையை விட்டேன்.

"என் காதுல பிளக் இருந்திருக்கும்மா. பழக்க தோஷத்துல தலையாட்டியிருப்பேன்."

"கேன்டீன்ல யாருண்ணா பிளக் போட்டுக்குவாங்க? கயித்தோட கழுத்துல தொங்கிட்டு இருந்திச்சு. நீங்க தில்பசந்த் கூடக் குடுத்தீங்களே. பூரணம் என் மேல கொட்டிச்சு. அதத் தட்டிட்டுத்தான் சொன்னேன். நீங்க வாயத் தொறந்து பதில் சொன்னீங்க அண்ணா."

தில்பசந்த் நினைவிருக்கிறது. அவள் மடியில் சிந்திய பூரணம், அதில் இருந்த சிவப்பு டூட்டி ஃப்ரூட்டி, அவள் சிரித்தது, எல்லாம் நினைவிருக்கிறது. அதற்கு அப்புறம் நான் எழுந்து மெஷினுக்கு ஓடினேன். நடுவில் ஒன்றும் இல்லை. தோண்டித் தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. யசோதா பொய் சொல்கிறவள் இல்லை. பொய் சொல்லி அவளுக்கு ஆகப்போவதும் ஒன்றும் இல்லை.

அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன புரிந்ததோ, மெல்ல, "சத்தத்துல சரியா கேட்டிருக்காது அண்ணா," என்றாள். சற்று முன்பு அவளே சொன்னதை எனக்காக மாற்றிச் சொன்னாள்.

வேலை இருந்தது. வேலை இருக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை. ப்ரஹ்லாதிடம் போய் அரைமணி நேரம் மெஷினை நிறுத்திவைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. முனிகிருஷ்ணன் கேஸ் டார்ச்சைப் பிடித்துச் சூடு காட்டினான். நான் தலையில் தட்டினேன். யசோதாவின் பைப் என்னுடையதைவிட நீளம், அதையே சொருகினேன். கொஞ்சம் திறப்பது, கொஞ்சம் மூடுவது, எண்ணெய், மறுபடி திறப்பது. கிரீச், கிரீச் என்று முனகிக்கொண்டே வந்து, கடைசியில் நாலாவது ஸ்க்ரூ என் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது.

"அப்பாடா, மறை கழண்டுச்சுடா சாமி!" என்று முனிகிருஷ்ணன் கை தட்டினான். சுற்றி நின்ற பெண்களும் தட்டினார்கள்.

"இவ்வளவு நாள் என்ன பிரச்சனை இருந்தது?" என்று ப்ரஹ்லாத் கேட்டார்.

"மார்க்கிங்ல கொஞ்சம் குழப்பம் சார். சரியாயிடுச்சு."

சென்சாரை மாட்டினோம். யசோதா தள்ளி நின்று அதைச் சந்தேகத்தோடு பார்த்தாள். இரும்பு இருந்த இடத்தில் வெறும் காற்று. கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள், இறங்கிக்கொண்டிருந்த பிரஸ் பாதியிலேயே நின்றது. மறுபடி நீட்டினாள், மறுபடி நின்றது. அப்போதும் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

"இதுல டைட் பண்றதுக்கு எங்கண்ணா ஸ்க்ரூ?"

சென்சாரைத் தாங்கும் கட்டையில் இருந்த நாலு ஸ்க்ரூவைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றிலும் கீயை வைத்துப் பார்த்துவிட்டு, பைப்பைத் துணியில் முடிந்து பைக்குள் வைத்தாள். போகும்போது என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணா," என்றாள். அவள் இறுக்கியதைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இல்லை.

அன்று மெஜஸ்டிக்கில் சரியாக இறங்கினேன். சரியாக மாறினேன். அல்சூரில் இறங்கி நடந்தபோது வழியெல்லாம் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூவில் என்ன இருக்கிறதென்று கண்டுபிடிப்பதுதானே பேச்சு? கண்டுபிடித்துவிட்டேன். யசோதாதான் இறுக்கினாள். பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். டீ நேரத்து விஷயம் பந்தயத்திலேயே இல்லை. யாரிடமாவது பேசிக்கொண்டே எதையாவது யோசிக்கிறவன் பாதியைக் காதில் வாங்காமல் விடுவதில்லையா? என் அப்பாவும் முதலில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா? அதையும் நினைவுபடுத்திப் பார்த்தேன். அதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

மௌரீன் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. அந்தப் பொண்ணு யசோதா இருக்கால்ல, அவதான். நான் லூஸ் பண்ணப் பண்ண அவ தினமும் டைட் பண்ணியிருக்கா. விரல்ல அடிபட்டதுலேருந்து அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்."

மௌரீன் சிரிக்க ஆரம்பித்தாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட கர்த்தரே! ரெண்டு பேரும் மாத்தி மாத்தி! ஒரு வாரம் கம்பெனிக்கு நல்லா ஒழச்சீங்க போங்க!" என்றாள். மாதா படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஃபிட்டர கட்டிக்கிட்டதுக்கு அந்த ஸ்க்ரூவையே கட்டியிருக்கலாம்," என்றாள். எத்தனையோ நாள் கழித்து என்னைக் கிண்டல் செய்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அவள் சிரித்து முடித்து அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"மௌரீன்," என்றேன்.

"ம்?"

"அவ எங்கிட்ட செவ்வாக்கெழமையே சொல்லியிருக்கா."

அவள் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், வந்து என் எதிரே உட்கார்ந்து அந்த ஸ்க்ரூவைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்கு ஆடிட் முடியட்டும்," என்றேன். "சனிக்கிழம போலாம். எந்த டாக்டர்னு நீயே விசாரிச்சு வை. வர்றேன்னு இப்ப சொல்லிட்டேன். மறந்துட்டேன்னா ஞாபகப்படுத்து."